புள்ளிக்குப் பின்னால் ஒரு 3

கேள்வி: எங்கள் தென்னந்தோப்புக்கு மேலே 110 கே.வி. லைன் போகிறது. போன ஐப்பசி மழையில் லைன் டிரிப் ஆன ராத்திரி, நாலு பேர் டார்ச் லைட்டோடு வந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார்கள். "ரிலே 27.3 கிலோமீட்டர்னு காட்டுது, இங்கதான் இருக்கணும்" என்றார்கள். விடிந்து பார்த்தால், இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு புளியமரக் கிளை லைனில் உரசியிருக்கிறது. புள்ளி வைத்துச் சொல்கிற கருவி இவ்வளவு தவறலாமா?
— ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தவறலாம். லைனில் பழுது வந்தால் கண்டுபிடித்துத் துண்டிக்கச் சொல்லும் கருவிதான் ரிலே. முப்பது வருஷம் ரிலேக்களோடு குடித்தனம் நடத்தியவன் நான். புள்ளிக்குப் பின்னால் வரும் அந்த 3-ஐ ஒருநாளும் நம்பியதில்லை.

ரிலே தூரத்தை அளப்பதே இல்லை. லைனைத் துண்டிக்கும் பிரேக்கர் திறப்பதற்குள் கிடைக்கும் நாலைந்து சைக்கிளில், அதாவது 100 மில்லிசெகண்டுக்குள், வோல்டேஜைக் கரண்டால் வகுக்கிறது. வருவது ஓம். உங்கள் லைன் மாதிரியானதற்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 0.4 ஓம் ரியாக்டன்ஸ் (ஏ.சி. கரண்டுக்கு லைனின் காந்தப்புலம் காட்டும் எதிர்ப்பு) என்று செட்டிங்கில் போட்டு வைத்திருப்போம். அன்று ஏறக்குறைய 10.9 ஓம் கிடைத்திருக்கும், 27.3 என்று காட்டிவிட்டது. அரை ஓம் பிசகினால் ஒன்றேகால் கிலோமீட்டர் போச்சு.

பிசகுவதற்கா வழியில்லை? பழுது நேரத்துப் பெருங்கரண்டில், கரண்டைச் சிறிதாக்கி ரிலேக்குக் கொடுக்கும் சி.டி.க்கு 5 சதவீதம் வரைகூடப் பிழை அனுமதி உண்டு. லைன் மண்ணோடு தொடர்பாகும் எர்த் ஃபால்ட் என்றால் கரண்ட் மண் வழியாகத் திரும்புகிறது. ஈரக் களிமண்ணுக்கும் காய்ந்த பாறைக்கும் செட்டிங்கில் ஒரே எண்தான்.

உங்கள் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் அந்தக் கிளை மேல்தான். கிளையே ஒரு பெரிய தடை. லைனுக்கு ஒரு முனையிலிருந்து மட்டும் சப்ளை என்றால், கிளையின் தடை ரியாக்டன்ஸில் சேராது; அதை மட்டும் பார்த்துச் சமாளிக்கலாம். இரண்டு சப்-ஸ்டேஷனிலிருந்தும் சப்ளை என்றால், எதிர்முனைக் கரண்டும் அதே கிளையில் பாயும். இந்த முனை ரிலேக்கு அது தெரியாது, அதனால் கணக்குப் பிசகும். பழுதுக்கு முந்தைய லோடு கரண்டைக் கழித்துக் கணக்கிடும் முறையை 1982-இல் ஜப்பானின் தகாகி குழுவினர் வெளியிட்டார்கள். பிழை குறைந்தது, ஒழியவில்லை.

எங்களுக்கே நம்பிக்கை இல்லாததால்தான், ரிலே காத்திராமல் உடனே டிரிப் செய்யும் எல்லையை, அதாவது முதல் மண்டலத்தை, லைனின் நீளத்தில் சுமார் 80 சதவீதத்தோடு நிறுத்திவிடுவோம். சப்-ஸ்டேஷன்காரர் "27.3" என்பதற்குப் பதில், டவருக்கு டவர் 300 மீட்டர் என்று வைத்து, டவர் எண்ணாக "லொகேஷன் 84-இலிருந்து 98 வரை பாருங்க" என்று சொல்லியிருக்கலாம். உங்கள் தோப்பில் அவ்வளவு நேரம் நின்றிருக்க மாட்டார்கள்.

நான் மட்டும் ஒழுங்கா? ரோடு அகலப்படுத்தியபோது எங்கள் லைன் ஒன்றை வேறு வழியாகச் சுற்றிவிட்டார்கள். டவர் எண்ணிக்கை கூடியது. என் நோட்டில் பழைய பட்டியல். ஆட்களை மத்தியானம் வரை தப்பான இடத்தில் அலையவிட்டேன். "சார், ரிலே சரியாத்தான் சொல்லியிருக்கு, உங்க நோட்டுதான் பழசு" என்றார் மூத்த லைன்மேன்.

பழுது ஏற்பட்டதும் லைனில் மின்னல் மாதிரி ஓடும் அலை இரு முனைக்கும் வந்து சேரும் நேரத்தை ஜி.பி.எஸ். கடிகாரத்தால் ஒப்பிடும் கருவிகளும் இருக்கின்றன. அதில் ஒரு மைக்ரோசெகண்ட் தவறினால் 150 மீட்டர், அதாவது இரண்டு டவருக்கு நடுவிலுள்ள தூரத்தில் பாதிதான். அது இல்லாத லைனில், ராத்திரி வெடிச் சத்தம் கேட்டதா என்று டீக்கடையில் விசாரிப்பதுதான் எங்கள் வழக்கம். உங்களிடமும் கேட்டிருப்பார்களே?