கருத்தடை மாத்திரை ஹார்மோன் சிகிச்சை ஆகாது

கேள்வி: நான் திருநங்கை, வயது 38. மெடிக்கல் ஷாப்பில் வாங்கி, ஆறு வருடமாகத் தினம் மூன்று கருத்தடை மாத்திரை போடுகிறேன். அப்பாவுக்கு ஐம்பது வயதில் மாரடைப்பு வந்தது. 'ஹார்மோன் இதயத்தைக் கெடுத்துவிடும், விட்டுவிடு' என்கிறார்கள். விடத்தான் வேண்டுமா?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: அந்த மாத்திரையை விட்டுவிடுங்கள். சிகிச்சையை விட வேண்டியதில்லை.

அதில் இருப்பது எத்தினைல் எஸ்ட்ரடயால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்). கல்லீரலில் எளிதில் சிதையாது. ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைக் கூடுதலாகச் சுரக்கவைக்கும். பொதுவாக ஒரு மாத்திரையில் 30 மைக்ரோகிராம் இருக்கும். மூன்று என்றால் 90. கூடப் போட்டால் மார்பு சீக்கிரம் வளரும் என்று நம்பித்தான் பலரும் இப்படிச் செய்கிறார்கள். வளர இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். அளவைக் கூட்டினால் ரத்தக்கட்டி அபாயம்தான் ஏறும். பீடி, சிகரெட் இருந்தால் இன்னும் மோசம்.

ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி, சூடாகி வலித்தால் எண்ணெய் போட்டு நீவாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். திடீரென மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 108.

மருத்துவர்கள் தருவது 17-பீட்டா எஸ்ட்ரடயால், உடலில் இயற்கையாகச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனைப் போன்றது. மாத்திரையாக என்றால் தினம் 2 முதல் 6 மி.கி. உங்கள் அப்பாவுக்கு இருந்ததைச் சொல்லி, தோலில் தடவும் ஜெல்லோ ஒட்டும் பேட்சோ கிடைக்குமா என்று கேளுங்கள். தோல் வழியே போகும் மருந்து முதலில் கல்லீரலுக்குள் நுழைவதில்லை. அதனால் ரத்தம் உறையும் தன்மையும் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் அவ்வளவு ஏறாது. புதுச்சேரி கோரிமேடு ஜிப்மரில் ஹார்மோன் நோய்களுக்கென்றே தனித்துறை இருக்கிறது. போட்ட மாத்திரையின் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

கூடவே ஆண் ஹார்மோனை அடக்கும் ஸ்பைரனோலாக்டோன் எழுதிக் கொடுத்தால், அது ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றலாம் என்பதால் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பரிசோதிப்பது அவசியம். 'லோ சோடியம்' உப்பில் பொட்டாசியம் கலந்திருக்கும், அது வேண்டாம். இளநீரும் அளவோடுதான். சித்திரை வெயிலில் கூவாகத்தில் நாள் முழுக்க நிற்பவர்கள் தண்ணீர் குடிக்காமல் இருக்கக்கூடாது. இந்த மருந்தோடு உடலில் நீர் வற்றினால் ரத்த அழுத்தம் சட்டென இறங்கி மயக்கம் வரும்.

முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் அளவு பாருங்கள்: எஸ்ட்ரடயால் ஒரு மில்லிலிட்டருக்கு 100–200 பிகோகிராம், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பும் பார்க்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் தசையைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும். இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம். இடுப்பை டேப் வைத்து மாதம் ஒருமுறை அளந்து எழுதிவையுங்கள்.

கேள்வி: திருநம்பி, 27. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறேன். ஹீமோகுளோபின் 16, 'அதிகம்' என்று ரிப்போர்ட்டில் குறி போட்டிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.
– வாசகர், புதுச்சேரி

பதில்: லேபில் 'பெண்' என்று பதிந்திருப்பார்கள். ஆண்களுக்கான அளவோடு ஒப்பிடுங்கள், 16 சரியானதே. டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுக்களைக் கூட்டுவது இயல்பு. பார்க்க வேண்டியது ஹிமாட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு; அது 54 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தம் தடித்துவிட்டது என்று பொருள். அப்போது அளவைக் குறைப்பார்கள், அல்லது பெரிய ஊசியைப் பிரித்து வாரம் ஒன்றாகச் சிறிதாகத் தருவார்கள். புகையும், தூக்கத்தில் மூச்சு அடைக்கும் குறட்டையும் இதை ஏற்றும். நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறையக்கூடும் என்பதால் லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) பரிசோதனையும் வருடாவருடம் செய்யுங்கள்.