அப்டேட் போட்டதும் வைஃபை போச்சு: விற்றவர் கைவிரிக்கலாமா?

கேள்வி: கோத்தகிரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுத் தருகிறேன். பழைய லேப்டாப், லினக்ஸ் வகையான உபுண்டு 22.04 போட்டது. அதன் வைஃபை பழுதானதால் இணையத்தில் 1,400 ரூபாய்க்கு யுஎஸ்பி அடாப்டர் வாங்கினேன். டப்பாவிலேயே 'லினக்ஸ் சப்போர்ட்' என்று அச்சிட்டிருந்தது. விற்றவர் அனுப்பிய டிரைவரை (அடாப்டரை லேப்டாப்போடு பேசவைக்கும் மென்பொருள்) போட்டு எட்டு மாதம் நன்றாக ஓடியது. போன வாரம் 24.04-க்கு மாறினேன். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 5.15-இலிருந்து 6.8 ஆகிவிட்டது. வைஃபை இல்லை. 'அப்டேட் செய்தது நீங்கள், நாங்கள் பொறுப்பில்லை' என்கிறார் விற்றவர். இதற்காக வழக்குப் போடக் கோயம்புத்தூருக்கு அலைய வேண்டுமா?

பதில்: முதலில் கடை ஓடட்டும். போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் (போனின் நெட்டை லேப்டாப்புக்குத் தருவது) போட்டால் இன்றைக்கே நெட் வரும். அப்புறம், லேப்டாப் ஆன் ஆகும்போது வரும் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பாருங்கள். பழைய 5.15 அழியாமல் இருந்தால் அதில் நுழைந்ததும் அடாப்டர் பெரும்பாலும் எழுந்துவிடும். அதாவது பொருள் கெடவில்லை, டிரைவர்தான் பின்தங்கிவிட்டது.

நடந்தது இதுதான். உங்கள் டிரைவர் கெர்னலோடு சேர்ந்து வந்ததல்ல, விற்றவர் தனியாகத் தந்தது. கெர்னல் மாறும்போதெல்லாம் அதைத் திரும்பக் கம்பைல் செய்ய வேண்டும், அதாவது புதிய கெர்னலுக்கு ஏற்ப மறுபடி உருவாக்க வேண்டும். 5.15-க்கும் 6.8-க்கும் நடுவில் வந்த ஒரு மாற்றத்தை மட்டும் பாருங்கள். முன்பெல்லாம் டிரைவர், அடாப்டரின் அடையாள எண்ணான மேக் முகவரியைக் கெர்னலின் பதிவில் நேராக எழுதிவிடும். 5.17-இல் அந்த இடத்தைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டார்கள். எழுத வேண்டுமானால் அதற்கெனக் கெர்னலில் இருக்கும் ஃபங்ஷனை (குறிப்பிட்ட வேலையைச் செய்யும் சிறு நிரல்) கூப்பிட வேண்டும். கெர்னலுக்குள் இருந்த டிரைவர்களை அவர்களே திருத்திவிட்டார்கள். வெளியே கிடந்ததைத் திருத்த வேண்டியது அதைக் கொடுத்தவர். உங்களுடையது தடுக்கியது இதிலா, இதுபோன்ற வேறொன்றிலா என்பது கம்பைல் ஆகும்போது வரும் எரர் வரியில் தெரியும்.

அப்படியானால் பழையதற்கு மதிப்பே இல்லையா என்று தோன்றும். உண்டு, ஆனால் அது வேறு பக்கம். கெர்னலுக்கும் டிரைவருக்கும் இடையில் இருப்பதை இஷ்டம்போல் மாற்றுவார்கள். கெர்னலோடு புரோகிராம்கள் பேசும் பக்கத்தை உடைக்கவே மாட்டோம் என்பதில் கறாராக இருப்பார்கள். நெட்வொர்க் கார்டின் விவரங்களைக் காட்டும் எத்டூல் என்ற புரோகிராமைப் பாருங்கள். அது கேட்கும் பதிவில் லைனின் வேகத்துக்கு 16 பிட்தான் ஒதுக்கியிருந்தார்கள், 65,535 மெகாபிட்டோடு முடிந்தது. 100 கிகாபிட் கார்டுகளுக்கு அது போதாது. அந்த இடத்தை அகலமாக்கினால் பின்னால் உள்ளதெல்லாம் நகர்ந்து பழைய புரோகிராம் தப்பாகப் படிக்கும். அதனால் பதிவின் கடைசிப் பகுதியில் 'ஒதுக்கீடு' என்று காலியாக விட்டிருந்த இடத்திலிருந்து இன்னொரு 16 பிட் எடுத்து, வேகத்தின் மேல்பாதியை அங்கே வைத்தார்கள். பழைய புரோகிராமுக்குத் தெரிந்த இடம் எதுவும் அசையவில்லை. நம் மலை ரயிலும் இப்படித்தானே. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை சாதாரண எஞ்சின் மாதிரி ஓடிவந்து, அங்கிருந்து நடுவில் பதித்த பல்தண்டவாளத்தைப் பற்றி ஏறுகிறது. இரண்டு பக்கத் தண்டவாளமும் அதே மீட்டர் கேஜ்தான்.

சரி, விற்றவர் விஷயம். அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. வழக்கமான அப்டேட் போடுவது வாங்கியவர் செய்த தவறாகாது. டப்பாவில் எந்தக் கெர்னல் வரை என்று எழுதாமல் பொதுவாக 'லினக்ஸ் சப்போர்ட்' என்று போட்டது அவர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்பவர் சொன்ன தரத்துக்குப் பொருள் குறைந்தாலும் அதைக் குறைபாடு என்கிறது. டப்பாவின் படம், பில், எரர் வரி மூன்றையும் வைத்து, 6.8-க்கான டிரைவர் தாருங்கள் அல்லது பணத்தைத் திருப்புங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே போவதானால் கோயம்புத்தூர் வேண்டாம். வசிக்கும் ஊர்ப் பக்கமே வழக்குப் போட இந்தச் சட்டம் இடம் தருகிறது, உதகையில் உள்ள மாவட்ட ஆணையம் போதும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

அடுத்து வாங்கும்போது சிப் பெயரைக் கேளுங்கள். அதன் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மீடியாடெக் எம்டி7612யு சிப்புக்கு 2018-இல் வந்த கெர்னல் 4.19 முதலே இருக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: அதே பெயர், அதே டப்பா, மூலையில் பொடி எழுத்தில் 'வி2' என்று போட்டு உள்ளே வேறு சிப் வைப்பது இந்தச் சந்தையில் சகஜம். நல்ல விமர்சனம் முழுக்க வி1-க்கு எழுதியதாக இருக்கும்.

கேள்வி: கொடைக்கானலில் சின்ன ஹோம்ஸ்டே நடத்துகிறோம். எங்களிடம் விண்டோஸ்தான். எங்களுக்கும் இதே பாடா?

பதில்: இந்த அளவுக்கு இல்லை. விண்டோஸும் நெட்வொர்க் டிரைவரும் பேசிக்கொள்ளும் முறைக்கு என்டிஐஎஸ் என்று பெயர். விண்டோஸ் விஸ்டாவோடு வந்த அதன் 6.0 முதல், டிரைவர் கொடுக்கும் பதிவுகளின் தலையிலேயே வகை, திருத்த எண், அளவு மூன்றும் இருக்கும். புதியவை பின்னால்தான் சேரும். திருத்த எண்ணைப் பார்த்து, அந்த டிரைவருக்குத் தெரிந்த அளவோடு விண்டோஸ் நிறுத்திக்கொள்ளும். ஆனால் விண்டோஸ் 11 முழுக்க 64-பிட். மலிவாகக் கிடைக்கும் பழைய அடாப்டரோடு 32-பிட் டிரைவர் மட்டும் வந்தால் அது ஏறாது, பணம் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.