மழைக்கு நெளிந்த கொலாஜை லேமினேட் செய்யலாமா?

கேள்வி: நான் சேலம் அம்மாபேட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. இரண்டு வருடங்களாக வீட்டிலேயே கொலாஜ் செய்கிறேன். மகளின் பத்தாவது திருமண நாளுக்காக அவளுடைய கல்யாணப் பத்திரிகை, முகூர்த்தப் புடவையின் ஜரிகை நூல், போன வருடம் குடும்பத்தோடு ஏற்காடு போன பஸ் டிக்கெட், செய்தித்தாள் துண்டுகள், காய்ந்த காப்பி இலை ஆகியவற்றை இரண்டடிக்கு ஒன்றரை அடி அட்டையில் மைதாப் பசையால் ஒட்டினேன். பிரேம் போட்டு ஏற்காட்டில் அவள் வீட்டில் மாட்டினோம். சித்திரையில் செய்தது. கார்த்திகைக்குள் அட்டை அலை அலையாக நெளிந்துவிட்டது. கறுப்புப் புள்ளிகளும் வந்துவிட்டன. கழற்றி எடுத்து, ஒரு வீடியோவில் சொன்னபடி தாளின் அமிலம் போகச் சுண்ணாம்புத் தெளிநீர் தொட்டு வைத்தேன். பத்திரிகையின் மஞ்சள் மூலை சிவந்துவிட்டது. லேமினேட் செய்தால் ஆயுளுக்கும் கவலையில்லை என்று பிரேம் கடைக்காரர் 1,800 ரூபாய் கேட்டு, 500 முன்பணமும் வாங்கியிருக்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், டீச்சர். ஐந்நூறு ரூபாய் போனால் போகட்டும். லேமினேஷன் இயந்திரத்துக்குள் போன தாள் திரும்பி வராது. இதை முதலில் மனதில் போட்டுக்கொண்டு மேலே படியுங்கள்.

நீங்கள் பெரிய தவறு எதுவும் செய்துவிடவில்லை. ஊர் மாறியதுதான் வினை. சித்திரை மாதத்து அம்மாபேட்டையில் அப்பளம் ஒரு வெயிலில் காய்ந்துவிடும். ஏற்காடோ ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஐப்பசியில் சன்னலைத் திறந்தால் மேகம் அடுப்படி வரை வந்து எட்டிப் பார்க்கும். உப்பு ஜாடிக்குள் கரண்டி ஒட்டிக்கொள்ளும். தாளும் உப்பு மாதிரிதான். காற்றிலுள்ள ஈரத்தைக் கேட்காமலே வாங்கிக்கொள்ளும். ஈரம் வாங்கிய நார் பருக்குமே தவிர, நீளுவது மிகச் சொற்பம். அதனால் நார் படுத்திருக்கும் வாக்கில் தாள் அவ்வளவாக அசையாது. குறுக்கு வாக்கில் விரியும்.

நம்பிக்கை இல்லையென்றால் இன்றைய செய்தித்தாளை எடுத்து மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள். ஸ்கேல் வைத்தது போல் நேராக வரும். பிறகு இடமிருந்து வலமாகக் கிழியுங்கள். நான்கு விரற்கடை போவதற்குள் கோணிக்கொண்டு ஓடும். நேராகக் கிழிந்த திசைதான் நார் படுத்திருக்கும் திசை. அச்சகத்தில் அதைக் 'கிரெயின்' என்பார்கள். உங்கள் அட்டையில் பத்திரிகை ஒரு வாக்கிலும் செய்தித்தாள் துண்டுகள் வேறு வேறு வாக்கிலும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் பக்கம் இழுத்திருக்கிறது. அட்டையின் பின்புறம் வெறுமையாக இருக்கிறது; எதிர்த்து இழுக்க அங்கே ஆளில்லை. அட்டை வளையாமல் என்ன செய்யும்?

பின்புறமும் ஒரு வெற்றுத் தாளை ஒட்டிவிடுவதுதான் இதற்கு வைத்தியம். முன்பக்கத்தில் எது பெரிய தாளோ, ஏறக்குறைய அதே தடிமனில், அதே நார்வாக்கில் இருக்க வேண்டும். ஒட்டியதும் முன்பக்கம் பழைய துவாலை ஒன்றை நான்காக மடித்து வையுங்கள், இலையும் ஜரிகையும் நசுங்காமல் இருக்கட்டும். இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து மேலே பாரம் ஏற்றுங்கள். தினம் ஒருமுறை துவாலையை மாற்றி, ஐந்து நாள் பொறுங்கள். முழுக்க நிமிராது. முக்கால்வாசி நிமிரும். அது போதும்.

இந்த வேலைக்கு முன்னால் கறுப்புப் புள்ளியைக் கவனிக்க வேண்டும். அது பூஞ்சணம். ஈரத் துணியால் துடைத்தால் பரவும். நிழலில் மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் உலரவிட்டு, மூக்கைக் கட்டிக்கொண்டு, மொட்டை மாடியில் மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். கறை போகாது, வளர்வது நிற்கும்.

இப்போது லேமினேஷனுக்கு வருகிறேன். என்ன செய்கிறார்கள்? இரண்டு பிளாஸ்டிக் படலங்களுக்கு நடுவே தாளை வைத்து, உட்பக்கப் பசை உருகும்படி நூறு டிகிரிக்கு மேல் சூடேறிய உருளைகளுக்கிடையே ஓட்டுகிறார்கள். உங்கள் காப்பி இலை பொடியாகும். ஜரிகை தாளுக்குள் அழுந்தி வரி வரியாகத் தெரியும். பஸ் டிக்கெட் சூட்டில் கறுத்து எழுத்து உருவாகும் வகைத் தாள். உருளைக்குள் போன மறுநொடி முழுவதும் கன்னங்கரேலென்று ஆகிவிடும். தாளில் இருக்கிற ஈரமும் பூஞ்சண விதையும் அமிலமும் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். பிடிக்கவில்லை என்று பிரித்தால் தாள் இரண்டாக உரிந்துகொண்டு வரும்.

கடைக்காரர் கெட்டவர் என்று சொல்லவில்லை. கடன் வாங்கி இயந்திரம் வாங்கியிருப்பார்; அது ஓட வேண்டும். அவரை விட எனக்குக் கோபம் வேறு ஓர் இடத்தில். என் உறவுக்காரப் பையனின் சான்றிதழை லேமினேட் செய்துகொண்டு வா என்று ஓர் அலுவலகத்தில் சொன்னார்கள். செய்துகொண்டு போனான். அடுத்த அலுவலகத்தில், பிளாஸ்டிக் மேல் முத்திரை ஒட்டாது, வேறு சான்றிதழ் வாங்கி வா என்றார்கள். ஏழு மாதம் அலைந்தான். பள்ளிக்கூடங்களும் லேசுப்பட்டவை அல்ல. மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒட்டிய சார்ட்டைக்கூட லேமினேட் செய்து கொண்டு வரச் சொல்கிறார்கள். பளபளப்பைப் பாதுகாப்பு என்று ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்துவிட்டார்கள். டீச்சர், உங்களைச் சொல்லவில்லை.

இதே ஜாதிதான் இணையத்தில் விற்கும் 'ஆசிட் ஃப்ரீ' (அமிலமற்றது) பெட்டிகள். பசை, தூரிகை, நான்கு வண்ணத் தாள் வைத்து இரண்டாயிரத்துக்கு மேல் விலை. அந்த வார்த்தை எந்தப் பொருளுக்கு, பசைக்கா, தாளுக்கா, பெட்டிக்கா என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. நிலைத்து நிற்கும் தாளுக்கு ஐ.எஸ்.ஓ. 9706 என்று 1994-லேயே ஒரு தரநிர்ணயம் வந்துவிட்டது. அந்த எண் தாளின் விவரக்குறிப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கைத்தயாரிப்புத் தாளுக்குப் போங்கள்: புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத் தாளோ, கதர்க் கடையில் கிடைக்கும் பருத்தித் துணிக் கழிவுத் தாளோ போதும்.

மஞ்சள் மூலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவும் வழக்கத்தை மனதில் வைத்து எந்த வெளிநாட்டுக் கைவினைப் பாடமும் எழுதப்பட்டதில்லை. அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்பு என்பது பொய்யல்ல. ஆவணக் காப்பகங்களில் சுண்ணாம்புத் தெளிநீரை அந்த வேலைக்குப் பயன்படுத்துவது உண்டு. நம் சேலத்து வெள்ளைக்கல்லின் சாரமான மெக்னீசியம் கார்பனேட்டையும் கரியமில வாயு ஏற்றிய நீரில் கரைத்துப் பயன்படுத்துவார்கள். (இதைப் படித்துவிட்டு யாரும் கல்லை இடிக்கக் கிளம்ப வேண்டாம்.) ஆனால் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்னவாகும்? மகளுக்கு ஆரத்தி கரைத்துச் சுற்றிய கைக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நீங்கள் பத்திரிகைக்கு ஆரத்தி எடுத்திருக்கிறீர்கள்.

உடனே எலுமிச்சைச் சாறு தொட்டால் மறுபடி மஞ்சளாகிவிடுமே என்று தோன்றும். ஆகும்தான். ஆனால் அமிலத்தை ஓட்டப்போய் அமிலத்தையே ஊற்றிய கதையாகிவிடும். தாள் பழுத்து ஒடியும். விட்டுவிடுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேரச் சேரக் காரம் தணியும். சிவப்பும் கொஞ்சம் மங்கும். பழைய நிறம் அப்படியே வராது. இனி அந்த மூலையில் சோப்புக் கை படக் கூடாது. வார்னிஷ், வண்ணம் உதிராமலிருக்க அடிக்கும் ஃபிக்ஸட்டிவ் ஸ்பிரே எதையும் அடிக்காதீர்கள். மஞ்சளின் நிறம் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, சாராயம் கலந்த திரவத்தில் நன்றாகக் கரையும்; மூலையைச் சுற்றி ஒரு மஞ்சள் வட்டம் படரும். சுண்ணாம்புத் தூள் சேர்த்த தாளின் மேல் ஈரத்தோடு ஒட்டினாலும் செம்மை தட்டலாம். வெயிலோ மஞ்சளுக்கு எமன். ஆகவே கொலாஜில் பத்திரிகையின் வண்ண நகலை ஒட்டுங்கள். அசலை நல்ல தாள் உறையில் போட்டுப் பீரோவில் வையுங்கள். குங்குமம் வைத்த பத்திரிகைக்கும் இதே கட்டுப்பாடுதான்.

நகல் என்றதும் மனம் சுணங்க வேண்டாம். செய்தித்தாளுக்கும் பஸ் டிக்கெட்டுக்கும்கூட அதுதான் வழி. டிக்கெட்டின் எழுத்து எப்படியும் ஓரிரு வருடத்தில் மறைந்துவிடும். செய்தித்தாள் மரத்தை அப்படியே அரைத்துச் செய்த தாள். மரத்தின் நாரைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் அதில் தங்கியிருப்பதால் வெளிச்சம் பட்டால் பழுக்கும். ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் 1912-ல் ஒட்டிய செய்தித்தாள் துண்டுகளே இன்று பழுப்பேறிக் கிடக்கின்றன. இங்கிலாந்தில் மேரி டெலனி என்ற பெண்மணி 1772-ல், தம் 72-ஆவது வயதில், வண்ணத் தாளை வெட்டிக் கறுப்புப் பின்னணியில் பூக்களாக ஒட்டத் தொடங்கினார். பத்து வருடத்தில் 985 படங்கள். கந்தல் துணியிலிருந்து செய்த தாள் அது. அந்தப் படங்கள் இன்றும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நகல் எடுக்கும்போது டோனர் பொடி போடும் ஜெராக்ஸ் இயந்திரமாகப் பாருங்கள். சாதாரண இங்க்ஜெட் மை பசை பட்டதும் கலங்கிவிடும்.

பசைக்கு வருவோம். மைதாவை அப்படியே காய்ச்சினால் அதிலிருக்கும் புரதம் பூஞ்சணத்துக்கும் ராமபாணப் பூச்சிக்கும் விருந்து. அந்தப் புரதத்தை நீக்கும் வித்தை உங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது. அல்வாவுக்குப் பால் எடுப்பது போலத்தான். கால் கிலோ மைதாவைப் பிசைந்து அரை மணி நேரம் ஊறவைத்து, தண்ணீருக்குள் வைத்துப் பிசையுங்கள். கையில் ரப்பர் போல் நிற்பதைத் தள்ளிவிடுங்கள். பாலை வடிகட்டி இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல் நீரை இறுத்தால் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். அதில் ஒரு கரண்டிக்கு ஐந்து கரண்டி தண்ணீர். சிறு தீயில் கைவிடாமல் கிளறுங்கள். வெண்மை போய்க் கண்ணாடி போலாகும்போது இறக்கி, ஆறியதும் துணியில் பிழிந்து வடிகட்டுங்கள். குளிர்பெட்டியில் மூன்று நாள் தாங்கும்; புளித்த வாடை வந்தால் கொட்டிவிட வேண்டும். ஜவ்வரிசி ஊரில் இருந்துகொண்டு மரவள்ளி மாவைச் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். ஒட்டும், ஆனால் தூரிகையில் நூல் நூலாக இழுபடும், மெல்லிய தாளில் ஒரே சீராகப் பூச வராது.

பைண்டர்களைப் பார்த்து மயில்துத்தம் மட்டும் கலக்காதீர்கள். பூச்சி வராது என்பது உண்மை. ஆனால் அதிலுள்ள செம்பு தாளையே அரிக்கும், பேரக்குழந்தை கை வைக்கிற இடத்தில் விஷம் வேறு. ஜரிகை, துணி, மரத்துண்டு போன்ற கனமானவற்றுக்கு ஃபெவிகால் போதும். தாளுக்கு வேண்டாம்; ஒட்டிய பிறகு பிரிக்க வராது.

இனிப் பிரேம் கடை. முன்பணத்தைத் திருப்பித் தர மாட்டார். அதைப் பிரேம் வேலைக்குக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கண்ணாடி தாளைத் தொடக் கூடாது. நடுவே மவுண்ட் அட்டை வைத்துக் கால் அங்குலமாவது இடைவெளி விடச் சொல்லுங்கள், இலை இருப்பதால் சற்றுக் கூடுதலாகவே. மாட்டும்போது பின்புறம் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே காற்று ஓடும். மகள் வீட்டில் மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரை விட்டுவிட்டு உள்சுவரில் மாட்டச் சொல்லுங்கள். வெயில் நேராக விழக் கூடாது.

வாங்கும்போது கடையிலேயே திருப்பி வைத்துப் பின்பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். இடைவெளியை அடைக்கப் பழைய செய்தித்தாளையோ போன வருடத்துக் காலண்டர் அட்டையையோ திணித்திருப்பார். எடுத்து அவர் மேசையிலேயே வைத்துவிட்டு, வெள்ளை அட்டை போடும்வரை நின்று வாங்கிக்கொண்டு வாருங்கள்.