வி.ஆர். கருவி வாங்கலாமா? வன்னி வாசகர் கேள்விகள்

(வி.ஆர். என்றால் மெய்நிகர் உலகம்: தலையில் மாட்டும் கருவி, நாமே உள்ளே நிற்பதுபோலக் கண்முன் காட்டும் கணினிப் படம்.)

கண்ணிவெடியில் அண்ணாவின் கால் போய் பல வருடம். இல்லாத கால் இரவில் வலிக்கிறது என்கிறார். வி.ஆர். உதவுமா? (புதுக்குடியிருப்பு வாசகி)

அந்த வலி கற்பனை இல்லை, தங்கச்சி. கால் போனாலும் மூளை அதைக் கணக்கிலிருந்து எடுக்கவில்லை. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஒரு சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து, இருக்கும் கையின் பிம்பத்தையே இல்லாத கையாகக் காட்டினார். சிலருக்கு வலி தணிந்தது. வி.ஆர். செய்வதும் அதே தந்திரம்தான். ஆனால் இரண்டு காலும் போனவருக்குக் கண்ணாடியில் காட்ட மறு கால் ஏது? அங்கேதான் வி.ஆருக்கு வேலை: மிஞ்சிய தசையின் மின்சமிக்ஞையை எடுத்து, படத்தில் தெரியும் காலை அசைக்க வைக்கலாம். அண்ணாவுக்கு ஒரு கால் இருந்தால் முதலில் கண்ணாடியே போதும், இயன்மருத்துவரிடம் காட்டிச் செய்யுங்கள். செயற்கைக் காலின் கிண்ணம் (மிஞ்சிய கால் உள்ளே பொருந்தும் பகுதி) அழுத்தியும் வலி வரும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஷெல்லடி நினைவுகள் போக, வீட்டில் வி.ஆரில் போர்க் காட்சிகளைப் போட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். வியட்நாம் போர் வீரர்களுக்கு 1990களிலேயே இப்படிச் சிகிச்சை செய்து பார்த்தார்கள். ஆனால் பக்கத்தில் உளச்சிகிச்சையாளர் இருந்தார். தனியே பார்த்தால் காயத்தைக் கிளறுவதாகிவிடும்.

வகுப்பில் 40 பிள்ளைகள். ஒரு கருவி வாங்கினால் போதுமா? (மல்லாவி ஆசிரியர்)

ஆளுக்கு 10 நிமிடம் என்றால் 400 நிமிடம், சேர்! பள்ளிக்கூடம் விட்டுவிடும். 2014இல் கூகுள் காட்டிய அட்டைப்பெட்டி வழி மலிவானது: இரண்டு வில்லை, ஒரு ஸ்மார்ட்போன். இதயத்தின் உட்புறம், கோள்களின் அளவு என்று நேரில் பார்க்க முடியாததைக் காட்டுங்கள். இரணைமடுக் குளத்துக்கு? பஸ் பிடியுங்கள்.

வி.ஆரில் பெக்கோ (மண் அள்ளும் இயந்திரம்) ஓட்டப் பழகலாமா?

லீவர்களுக்குக் கை பழகும். 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மெய்நிகர் பயிற்சி பெற்ற இளம் சத்திரசிகிச்சை மருத்துவர்கள் பித்தப்பையைப் பிரித்தெடுக்கும் வேலையை, அந்தப் பயிற்சி பெறாதவர்களைவிட 29% வேகமாக முடித்தார்கள். (அவர்கள் தலையில் எதுவும் மாட்டவில்லை, திரையும் இரண்டு பிடிகளும்தான்.) ஆனால் மாரியில் சேறான வயலில் சில்லுப் புதையும்போது என்ன செய்வது என்பதைப் பழைய ஓட்டுநர் பக்கத்தில் இருந்துதான் படிக்க வேண்டும்.

மாட்டியதும் தலை சுற்றுகிறதே?

நகர்கிறோம் என்கிறது கண், இல்லை என்கிறது உட்காது. அதுதான் சண்டை. உடனே கழற்றுங்கள்; அன்றைக்கு மோட்டார் சைக்கிளில் ஏறாதீர்கள்.