'சோன்ஸ் டா'வுல வர்ற 'டா' யாரோட டா?

கேள்வி: இங்கிலாந்தோட தென்மேற்கு மூலையில கார்ன்வால்ல, அவங்க கார்னிஷ் மொழியில 'சோன்ஸ் டா'ன்னு வாழ்த்துவாங்களாம். கேட்டா நம்ம பசங்க 'சான்ஸ்டா'ன்னு சொல்ற மாதிரியே இருக்கே, சம்பந்தம் உண்டா சார்?

பதில்: பாதி உண்டு! 'டா' நம்ம டா இல்லீங்க, கார்னிஷ்ல 'டா'ன்னா 'நல்ல', அங்க அந்த மாதிரி சொல் பெயருக்குப் பின்னாடி வரும், அதனால மொத்தமா 'நல்ல அதிர்ஷ்டம்'. ஆனா 'சோன்ஸ்' இருக்கே, அது நாம 'சான்ஸே இல்ல'ங்கிறோமே, அதே சான்ஸ்தான்.

வேர் லத்தீன்ல 'காதெரே', அப்படின்னா விழு. அதுலேர்ந்து 'காதென்தியா', விழுறது. தாயக்கட்டை எப்படி விழுதோ அப்படித்தானே நம்ம நேரமும், நாமளே 'தாயம் விழுந்துச்சு', 'பரிசு விழுந்துச்சு'ன்னுதானே சொல்றோம். பழைய பிரெஞ்சுல முதல்ல இருந்த 'கா' 'செ'ன்னு திரிஞ்சு, நடுவுல இருந்த 'தெ'வும் தேஞ்சுபோய் 'செஆன்ஸ்'னு ஆயிடுச்சு. 1066ல நார்மன்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்ச பிறகு அவங்க பிரெஞ்சு இங்கிலீஷுக்குள்ள கொட்டுச்சு பாருங்க, அதுல இதுவும் ஒண்ணு. அப்புறம் இங்கிலீஷ்லேர்ந்து கார்னிஷுக்கு. அது ஏன் 'ஓ'ன்னு கேப்பீங்க: அந்தக் கால இங்கிலீஷ்ல இதை 'சௌன்ஸ்'னு எழுதுவாங்க, அந்த 'ஔ' கார்னிஷ்ல 'ஓ' ஆயிடும், இங்கிலீஷ் டான்ஸும் அங்க 'டோன்ஸ்'தான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, கடலுக்கு அந்தப் பக்கம் பிரான்ஸ்ல கார்னிஷோட கூடப்பிறந்த பிரெட்டன் மொழி இருக்கு, அதுலயும் 'சான்ஸ் வாட்'னுதான் வாழ்த்து. ஆனா அது இங்கிலீஷ் வாசலே மிதிக்காம நேரா பிரெஞ்சுலேர்ந்து எடுத்துக்கிச்சு. அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் ஒரே பொருளை வேற வேற கடையில வாங்கின கதைதான்.

கார்னிஷ்ல லத்தீன் வேர் இருந்தாலே இப்படி ஊர் சுத்தி வந்ததுன்னு நினைச்சுடாதீங்க. பாலத்துக்கு 'பொன்ஸ்', தேவாலயத்துக்கு 'எக்லோஸ்', இதெல்லாம் இங்கிலீஷ்னு ஒரு மொழி தலையெடுக்கிறதுக்கு முன்னாடியே லத்தீன்லேர்ந்து நேரா வந்த பழைய சரக்கு. சோன்ஸ் அதுங்களுக்குப் பல நூறு வருஷம் இளையது.

ஒண்ணு மட்டும் கவனிங்க, நம்ம வாயில சான்ஸ்னா வாய்ப்பு, அங்க பிரெஞ்சுல இருக்கிற மாதிரி அதிர்ஷ்டம். அதனால கார்ன்வால்காரர் யாராவது 'சோன்ஸ் டா'ன்னா, என்னடா சான்ஸ்னு திருப்பிக் கேட்டுறாதீங்க, 'மெர் ராஸ்'னு நன்றி சொல்லிட்டு வாங்க.