அம்பாசிடர் எஞ்சினில் டைமிங்: டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புவதற்கு முன்

கேள்வி: என் தந்தையார் வாங்கிய 1978 மாடல் அம்பாசிடர் பெட்ரோல் காரை இன்னும் ஓட்டி வருகிறேன். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது எஞ்சினில் ‘கிணிகிணி’ என்று சத்தம் வந்தது. மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங்கைக் குறைத்தார். சத்தம் நின்றது, ஆனால் பிக்கப் போய்விட்டது, ஏற்றத்தில் எஞ்சின் சூடாகிறது. டைமிங்கை நானே சரியாக வைக்க முடியுமா? — பொள்ளாச்சி வாசகர்

பதில்: முடியும். ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால், டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) வைத்த இடத்தைவிட அட்வான்ஸ் (பொறி முன்கூட்டியே விழும் அளவு) ஏறும் விதத்தில்தான் கோளாறு இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் உடலைத் திருப்புவது அட்வான்ஸ் எங்கே தொடங்க வேண்டும் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. அங்கிருந்து அது எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது உள்ளே இருக்கும் எடைகள், ஸ்பிரிங்குகள், கார்புரேட்டர் பக்கத்து உறிஞ்சலால் நகரும் வேக்குவம் டயாஃப்ரம் ஆகியவற்றின் வேலை. அவை கெட்டிருக்கும்போது உடலைத் திருப்பினால், ஒரு வேகத்தில் இருந்த குறை இன்னொரு வேகத்துக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

பொறி விழுந்ததும் சிலிண்டரில் உள்ள கலவை முழுவதும் ஒரே கணத்தில் எரிந்துவிடுவதில்லை. நிமிடத்துக்கு 750 சுற்றில் ஓடும் எஞ்சினில் ஒரு மில்லி விநாடிக்குள் கிராங்க் 4.5 டிகிரி திரும்புகிறது. 3000 சுற்றிலோ அதே நேரத்தில் 18 டிகிரி திரும்பிவிடுகிறது. எனவே வேகம் கூடக்கூடப் பொறி முன்கூட்டியே விழ வேண்டும். அளவுக்கு மீறி முன்னால் விழுந்தால் நீங்கள் கேட்ட நாக்கிங் சத்தம் வரும். நாளடைவில் பிஸ்டனும் ஹெட் கேஸ்கெட்டும் பாழாகும். பின்தங்கி விழுந்தால், எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் நேரத்திலும் தீ எரிந்துகொண்டிருப்பதால், தள்ளுவிசையாக மாற வேண்டிய வெப்பம் வால்விலும் தண்ணீரிலும் போய்ச் சேரும். இப்போது உங்கள் எஞ்சின் சூடாவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

ஆகவே முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுங்கள். ரோட்டரை அது சுழலும் திசையிலேயே விரலால் மெல்லத் திருகிவிட்டால், தானாகத் துள்ளித் திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினாலோ பாதியில் நின்றாலோ, பாயிண்ட் (திறக்கும்போது பொறியை உண்டாக்கும் மின்தொடர்பு) பொருத்தப்பட்ட தட்டை எடுத்துக் கீழே பாருங்கள். லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டர்கள் பலவற்றில் இரண்டு ஸ்பிரிங்குகளும் ஒன்றுபோல் இருக்காது: ஒன்று மெலிதாக, இறுக்கமாக இருக்கும், மற்றொன்று தடிப்பாக, ஒரு முனையில் சற்றுத் தளர்ந்து இருக்கும். அந்தத் தளர்ச்சி வேண்டுமென்றே வைத்தது. அதைப் பழுது என்று எண்ணி வெட்டி இறுக்கியதையும், பேனா ஸ்பிரிங்கை மாட்டியிருந்ததையும் நான் கழற்றிப் பார்த்திருக்கிறேன். மெல்லிய ஸ்பிரிங் இழுபட்டுத் தளர்ந்துவிட்டால் அட்வான்ஸ் சீக்கிரமே ஏறிவிடும்; முதலில் சத்தம் கேட்பது மலைப் பாதையில் ஆக்சிலரேட்டரை அழுத்தி ஏறும்போதுதான்.

பின்னர், கார்புரேட்டர் பக்கமுள்ள வேக்குவம் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். பாயிண்ட் தட்டு நகர வேண்டும். நாக்கால் குழாயை அடைத்தால் நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். உடனே திரும்பினால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. ஏற்றத்தில் முழு ஆக்சிலரேட்டரில் வேக்குவம் இருக்காது என்பதால், இதன் பாதிப்பு மைலேஜில்தான் தெரியும். ஷாஃப்டைப் பக்கவாட்டில் அசைத்தும் பாருங்கள்; ஆட்டம் இருந்தால் புஷ் மாற்றும்வரை எந்த டைமிங்கும் நிலைக்காது.

அடுத்து பாயிண்ட் இடைவெளி. டைமிங்குக்கு முன்பே இதைச் சரிசெய்துவிட வேண்டும். ஏனெனில் இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னதாகத் திறந்து டைமிங்கும் கூடிவிடும். பாயிண்ட்டைத் திறக்கும் கேமின் உச்சியில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்கட்டும்.

இனி டைமிங். இந்த 1489 சிசி எஞ்சினின் ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. ரேடியேட்டர் பக்கம் இருப்பது முதல் சிலிண்டர். அதன் பிளக்கைக் கழற்றித் துளையில் விரலை வைத்துக்கொண்டு, ஹேண்டிலால் எஞ்சினைக் கடிகாரச் சுற்றில் திருப்பச் சொல்லுங்கள். காற்று விரலைத் தள்ளும்போது கம்ப்ரஷன் தொடங்கிவிட்டது. கிராங்க் புல்லியின் வெட்டு, டைமிங் கவரில் உள்ள முட்களை நெருங்கும். நீளமான முள் டிடிசி (பிஸ்டன் உச்சிக்கு வந்த நிலை), மற்றவை 5, 10 டிகிரி. உங்கள் மாடலின் கையேட்டில் உள்ள அளவில் வெட்டை நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் அந்த இடத்துக்கே பின்னால் திருப்பி நிறுத்தாதீர்கள். செயினின் தளர்ச்சி கணக்கைக் கெடுத்துவிடும். நன்றாகப் பின்னுக்குப் போய், மீண்டும் முன்னோக்கி வாருங்கள். ரோட்டர் முதல் பிளக் வயரை நோக்கி நிற்க வேண்டும்.

ஒரு 12 வோல்ட் பல்பின் ஒரு வயரை, காயிலிலிருந்து வரும் மெல்லிய வயர் டிஸ்ட்ரிபியூட்டரில் சேரும் இடத்திலும், மற்றொன்றை எஞ்சின் பாடியிலும் தொடுத்து, இக்னிஷனைப் போடுங்கள். கிளாம்ப் போல்ட்டைச் சற்றே தளர்த்தி, பல்பு அணையும்வரை உடலை ரோட்டர் சுழலும் திசையில் திருப்பி, பிறகு எதிர்த்திசையில் மிக மெதுவாகக் கொண்டு வாருங்கள். பல்பு எரியத் தொடங்கும் அந்தப் புள்ளியில்தான் பாயிண்ட் திறக்கிறது. அங்கேயே போல்ட்டை முறுக்குங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுழல்வதால், உடலை ஒரு டிகிரி நகர்த்தினால் கிராங்க் கணக்கில் இரண்டு டிகிரி மாறும். எனவே விரல் மிக நிதானமாக இருக்கட்டும். ரோட்டர் திசைக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ், அதே திசையில் திருப்பினால் ரிடார்ட் (பொறி பின்தங்குதல்) என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட் கிடைத்தால், வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, வேகத்தைக் கூட்டியபடி புல்லி வெட்டைப் பாருங்கள். அது வழுக்கிக்கொண்டு சீராக நகர வேண்டும்; குதித்தாலும் நடுங்கினாலும் ஸ்பிரிங்கோ ஷாஃப்டோ இன்னும் சரியில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஏற்றத்தில் சத்தம் நீடித்தால், பிஸ்டன் தலையில் படிந்த கரி, தவறான பிளக், பெட்ரோல் குறைந்த கலவை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அவற்றுக்காக டைமிங்கை இரண்டு டிகிரிக்கு மேல் குறைக்க நான் சொல்லமாட்டேன். புதிய பாயிண்ட் போட்டிருந்தால் கேமில் உரசும் அதன் குதிகால் தேய்ந்து இடைவெளி குறையும். டைமிங் தானாகவே பின்தங்கும். 500 கிலோமீட்டர் ஓடியதும் இடைவெளியை மறுபடி அளந்து, பல்பை மாட்டி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.