மே மாத வாசிப்பு: ஒரு நாவல், ஒரு கட்டுரை நூல், உங்கள் கேள்விகள்

நூலகத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்தே ஒரு நாவலைத் தனியாகக் கொடுத்தனுப்ப எனக்கு மனம் வராது. அதே மண்ணைப் பற்றியோ அதே காலத்தைப் பற்றியோ ஒரு கட்டுரை நூலையும் சேர்த்துத்தான் கொடுப்பேன். மாதாந்தரப் பரிந்துரையிலும் அதே பழக்கம்தான். இந்த மாத இணை: ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்', தொ. பரமசிவனின் 'பண்பாட்டு அசைவுகள்'. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஒன்று உப்பளத் தொழிலாளர் நாவல், இன்னொன்று பண்பாட்டுக் கட்டுரைகள். இரண்டையும் எப்படிச் சேர்த்தீர்கள் அக்கா? (கோவில்பட்டி வாசகி)

உப்புதான் சேர்த்து வைத்தது. ராஜம் கிருஷ்ணன் எழுத உட்காருவதற்கு முன்னால் அந்தந்த மக்களிடம் நேரில் போய் இருந்து பார்த்து எழுதியவர். படகர்களைப் பற்றி எழுத நீலகிரி, உப்பளத்தைப் பற்றி எழுதத் தூத்துக்குடி. 'கரிப்பு மணிகள்' 1979இல் வந்தது. கூலிக்குப் போகும் பொன்னாச்சி என்ற பெண்ணின் வழியாக உப்புப் பாத்திகளுக்குள் நம்மை இறக்கிவிடுகிறார். கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை, புண்ணாகிப் போகும் கால்கள், கங்காணிகளின் பார்வை, பெண்ணாகப் பிறந்ததற்காகக் கூடுதலாகச் சுமக்க வேண்டிய பயம். மே மாத வெயிலில் இதை வாசித்தால் அந்தப் பக்கங்கள் இன்னும் உறைக்கும். உப்பளங்களில் வேலை மும்முரமாக நடப்பதும் இந்த வெயில் காலத்தில்தான்.

தொ.ப. அதே உப்பை வீட்டுக்குள்ளிருந்து பார்க்கிறார். உப்பு, எண்ணெய், தேங்காய், உரல், உலக்கை என்று அடுக்களையில் கிடக்கும் பொருள் ஒவ்வொன்றுக்கும் சின்னக் கட்டுரை. சில கட்டுரைகள் இரண்டு மூன்று பக்கம்தான் இருக்கும். சடங்கு, நம்பிக்கை, சாதி, உறவுமுறை எல்லாம் அந்தப் பொருளுக்குள்ளிருந்து வெளியே வரும். முதலில் நாவலைப் படியுங்கள். முடித்த கையோடு 'உப்பு' கட்டுரையைப் படியுங்கள். வரிசையை மாற்ற வேண்டாம். பாத்தியில் வியர்வை சிந்தியவர்களைச் சந்தித்துவிட்டு அந்தக் கட்டுரைக்குள் போனால், சடங்கில் வைக்கும் ஒரு பிடி உப்புக்குப் பின்னால் ஒரு கை தெரியும்.

பள்ளிக்கூடம் முடிந்தபிறகு 'பொன்னியின் செல்வன்' மட்டும்தான் முழுதாகப் படித்திருக்கிறேன். அடுத்து எதைத் தொடலாம்? (ஓசூர், மென்பொருள் ஊழியர்)

ஐந்து பாகம் முடித்தவருக்குப் பொறுமை இருக்கிறது, அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் அடுத்ததும் ராஜா ராணி கதையாக வேண்டாம். பூமணியின் 'வெக்கை' எடுங்கள். 1982இல் வந்த சிறிய நாவல். ஒரு சிறுவன் கொலை ஒன்றைச் செய்துவிட்டுத் தன் தந்தையோடு கரிசல் காட்டில் தலைமறைவாகத் திரிகிறான், அவ்வளவுதான் கதை. சம்பவம் தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது. மற்ற பக்கமெல்லாம் ஓடை, பாறை, புதர், ராத்திரிச் சோறு, அப்பனும் மகனும் பேசிக்கொள்ளும் பேச்சு. 2019இல் வந்த 'அசுரன்' படம் இதிலிருந்து எடுத்ததுதான். படம் பார்த்தவர்களும் தயங்காமல் படிக்கலாம். நாவலின் அமைதி படத்தில் கிடைக்காது.

வட்டார வழக்கு முதல் பத்துப் பக்கம் கொஞ்சம் தட்டும். அகராதியைத் தேடாமல் காதால் கேட்பதுபோலப் படித்துக்கொண்டே போங்கள்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். இந்த நேரத்தில் நாவல் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். (திண்டுக்கல்)

தேர்வுப் புத்தகத்தில் ஹைதராபாத் இணைப்பு ஒரு பத்தியில் முடிந்துவிடும்: 1948 செப்டம்பர், இந்திய ராணுவம், நிஜாம் பணிந்தார். அந்தப் பத்திக்குள் ஒரு நகரமே வாழ்ந்துகொண்டிருந்தது. அதைத்தான் அசோகமித்திரன் '18வது அட்சக்கோடு' நாவலில் எழுதினார். ரயில்வே குடியிருப்பில் வளரும் சந்திரசேகரன் கிரிக்கெட் ஆடுகிறான், கல்லூரிக்குப் போகிறான். சுற்றிலும் நிஜாமை ஆதரித்து ஆயுதம் ஏந்திய ரஜாக்கர்கள், வதந்திகள், அகதிகள். நேற்றுவரை கூட விளையாடியவர்கள் இன்று யார் என்ற கேள்வி அவனை மெல்ல மெல்லச் சூழ்கிறது. கடைசிப் பக்கங்களை நான் இங்கே சொல்ல மாட்டேன். அதை நீங்களே சந்திக்க வேண்டும்.

இதற்கு இணையாக வி.பி. மேனன் ஆங்கிலத்தில் எழுதிய 'தி ஸ்டோரி ஆஃப் தி இன்டெக்ரேஷன் ஆஃப் தி இந்தியன் ஸ்டேட்ஸ்' நூலில் ஹைதராபாத் பகுதியை மட்டும் படியுங்கள். 1956இல் வெளியானது. சமஸ்தானங்கள் துறையின் செயலாளராக இருந்து பேச்சுவார்த்தைகளை நடத்தியவரே எழுதியது. டெல்லியில் கோப்புகள் எப்படி நகர்ந்தன என்பது அதில் இருக்கிறது. தெருவில் என்ன நடந்தது என்பது நாவலில் இருக்கிறது. வீட்டில் கேட்டால் இரண்டையும் காட்டுங்கள்.

'என் சரித்திரம்' வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். தடிமனைப் பார்த்தே மலைப்பாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது அம்மா? (கும்பகோணம், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

கும்பகோணத்துக்காரரே கேட்டது மகிழ்ச்சி, ஐயா. உங்கள் ஊரிலிருந்தே தொடங்குங்கள். தன் வாழ்க்கையையே இதில் எழுதிய உ.வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் வேலைக்குச் சேர்கிறார். அதே ஆண்டில் அந்த ஊருக்கு முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் போய்ப் பார்க்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று தான் படித்ததையெல்லாம் சொல்கிறார். எதைச் சொன்னாலும் முதலியார் முகத்தில் சலனமில்லை. பிறகு அவர் சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்கிறார். அதுவரை அந்தப் புத்தகங்களையே உ.வே.சா. பார்த்ததில்லை. அந்த ஒரு சந்திப்பில் அவர் வாழ்க்கை திரும்பியது. 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வந்தது. பின்னாலேயே சங்க நூல்கள் ஒவ்வொன்றாக அச்சேறின.

இதைப் படித்துவிட்டுப் பின்னால் போங்கள்: உத்தமதானபுரத்துப் பிள்ளைப் பருவம், பாடம் சொல்லித்தர ஆள் தேடித் தந்தையோடு ஊர் ஊராக அலைந்தது, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தது. பிள்ளையவர்கள் வரும் பக்கங்களை அவசரப்படாமல் படியுங்கள். ஓலையில் வேகமாக எழுதிக்கொண்டே போகும் மாணவர்கள், பாட்டாகவே பேசிக்கொண்டே போகும் ஆசிரியர், அவர் வீட்டு வறுமை, மடத்துச் சாப்பாடு. இவ்வளவு அன்போடு ஒரு ஆசிரியரைப் பற்றித் தமிழில் வேறு யாரும் எழுதியதாக நான் நினைக்கவில்லை. ஆசிரியராக இருந்த உங்களுக்கு அது இன்னும் நெருக்கமாக இருக்கும்.

இது 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது என்பதை நினைவில் வையுங்கள். வாரம் ஒரு அத்தியாயம் என்றுதான் அன்றைய வாசகர்கள் படித்தார்கள். நீங்களும் தினம் ஒரு அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளலாம். 1942இல் அவர் மறைந்ததால் தொடர் முற்றுப்பெறாமல் நின்றது. இதற்கு மட்டும் இணை நாவல் சொல்ல மாட்டேன். இதுவே நாவலைப் போல ஓடும்.

செவிலியராக வேலை செய்கிறேன். மருத்துவம் சார்ந்து, ஆனால் மனத்தைத் தொடும் புத்தகம் வேண்டும். (வேலூர்)

'ஆரோக்கிய நிகேதனம்'. தாராசங்கர் பந்தோபாத்யாய வங்கத்தில் எழுதியது, தமிழில் த.நா. குமாரசாமியின் மொழிபெயர்ப்பு. நாடி பிடித்துப் பார்த்தே மரணம் எப்போது வரும் என்று சொல்லிவிடும் கிராமத்து வைத்தியர் ஜீவன் மஷாய். நவீன மருத்துவம் ஊருக்குள் வந்து அவரைப் பழையவர் என்று ஒதுக்குகிறது. யார் சரி என்று தீர்ப்புச் சொல்லும் நாவலல்ல இது. நோயாளியிடம் உண்மையை எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்று உங்களுக்குத் தினமும் வரும் கேள்வி இதில் திரும்பத் திரும்ப வருகிறது.

ஆங்கிலம் வாசிப்பீர்கள் என்றால், அறுவை மருத்துவர் அதுல் கவாண்டேயின் 'பீயிங் மார்ட்டல்' (2014) நூலையும் கூடவே வையுங்கள். தன் தந்தையின் கடைசிக் காலத்தையும் அதில் எழுதியிருக்கிறார். இரவுப் பணி முடிந்து வந்த நாளில் மட்டும் இரண்டையும் தொடாதீர்கள், மனம் கனத்துவிடும்.

'புயலிலே ஒரு தோணி'யை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். என்னால் முப்பது பக்கம் தாண்ட முடியவில்லை. (கிள்ளான், மலேசியா)

அது உங்கள் குறை இல்லை. ப. சிங்காரம் ஒரே பத்தியில் சுமத்ராவின் மேடான் நகரத்திலிருந்து மதுரைத் தெருவுக்குத் தாவுவார், அங்கிருந்து சங்கப் பாட்டுக்குப் போவார். ஜப்பானியர் சுமத்ராவுக்குள் நுழைவதில் தொடங்கி, பினாங்கு, இந்திய தேசிய ராணுவம் என்று போகும் கதை. சிங்காரம் தானே மேடானில் கடையில் வேலை பார்த்தவர் என்பதால் கணக்குப்பிள்ளைகளின் பேச்சும் வட்டிக்கடைப் பழக்கமும் அப்படியே இருக்கும். உங்களுக்குப் பினாங்கு தெரிந்த ஊர். அதனால் கதைநாயகன் பாண்டியன் பினாங்கு வந்து சேரும் இடத்திலிருந்து படியுங்கள். பிடித்துப்போனால் முதலிலிருந்து வரலாம். ஒரு நாவலை நடுவிலிருந்து தொடங்குவது தப்பே இல்லை.

துணைக்கு ஏ.கே. செட்டியாரின் பயணக் கட்டுரைகள். காந்தியைப் பற்றி 1940இல் ஆவணப்படம் எடுத்தவர். அலங்காரமே இல்லாத, தெளிந்த உரைநடை.

என் பதினொரு வயது மகள் ஆங்கிலத்தில் மட்டும் வாசிக்கிறாள். தமிழில் எதைக் கொடுப்பது? (பெங்களூரு)

உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. கீழடியை ஒட்டிய கதை, 2023இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020இல் அதே விருது பெற்றது. குழந்தைகளின் உடல் பாதுகாப்பைப் பற்றியது, அதனால் முதலில் நீங்கள் படித்துவிடுங்கள். முதல் அத்தியாயத்தை நீங்களே சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். காதுக்குப் பழகினால் கண்ணுக்கும் வரும். தமிழில் படி என்று கட்டாயப்படுத்த மட்டும் வேண்டாம்.

புத்தக விலை கட்டுப்படியாகவில்லை. (பலர்)

கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள். சந்தா மிகக் குறைவு. சென்னையில் இருந்தால் 1896 முதல் இயங்கும் கன்னிமாரா, மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். நாட்டுடைமையான எழுத்தாளர்களின் நூல்கள் பல தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மதுரைத் திட்டம் என்ற இணையதளம் 1998 முதல் மின்னுரைகள் தருகிறது. ஈழத்து நூல்களுக்கு 'நூலகம்' என்ற பெயருள்ள இணையதளத்தைத் தேடுங்கள்.

ஜூன் மாத இணை என்ன? முன்கூட்டியே சொன்னால் தேடி வைத்துக்கொள்வோம். (திருச்சி)

சோ. தர்மனின் 'சூல்', கூடவே மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்'. 'சூல்' உருளைக்குடி என்ற கிராமத்தின் கண்மாயைப் பற்றிய நாவல், 2019இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. கண்மாயை ஊர் எப்படிக் காத்தது, பிறகு எப்படிக் கைவிட்டது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டு போகும். கிருஷ்ணனின் கட்டுரைகள் பறவைகளையும் விலங்குகளையும் பற்றியவை, தியடோர் பாஸ்கரன் தொகுத்தது. 'சூல்' பெரிய நாவல், நூலகத்தில் ஒரு பிரதிதான் இருக்கும். இந்த வாரமே போய்ப் பதிவு செய்துவிடுங்கள்.